என்ஜின் போச்சுன்னா வேற வாங்கி போடுறதா, இருக்கறதையே பிரிச்சு கட்டுறதா

மெக்கானிக் வந்து பானட்ட தூக்கி பாத்துட்டு "என்ஜின் போச்சுணா, வேற தான் போடணும்"னு சொல்லிட்டா நம்ம ஆளுங்க உடனே பழைய என்ஜின் எங்க கிடைக்கும்னு போன் போட ஆரம்பிச்சுடறோம். நானும் அப்படித்தான் பண்ணேன், 18,000 ரூபா போச்சு. "என்ஜின் போச்சு"ங்கறது "உடம்பு சரியில்ல"ன்னு சொல்ற மாதிரி தான், காய்ச்சலா கால் உடைஞ்சிருக்கான்னு அதுல தெரியாது. எதனால போச்சு, உள்ள எது வரைக்கும் போச்சு, இந்த ரெண்டும் தெரியாம வாங்குறதா கட்டுறதான்னு பேசவே கூடாதுங்கறது என்னோட கட்சி.

என் வண்டி 2009 மாடல் ஆல்டோ, 796 சி.சி., மூணு சிலிண்டர். 2022 மே மாசம், நல்ல கத்திரி வெயில், சேலத்துல ஒரு கல்யாணம் முடிஞ்சு அஞ்சு பேரு ஏ.சி. போட்டுக்கிட்டு தர்மபுரி திரும்பறோம். தொப்பூர் ரெட்டைப் பாலம் தாண்டி ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளு மேல போயிருச்சு. ஓரங்கட்டலாம்னு நான் சொன்னா மச்சான் "ஏத்தம் முடிஞ்சா தானா எறங்கிரும் மாமா, டோல்கேட்ல நிறுத்திக்கலாம்"ங்கறாப்ல, நானும் கேட்டுக்கிட்டு ஓட்டினேன், டோல்கேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது இழுவை சுத்தமா செத்து, பானட்டுக்குள்ள இருந்து இட்லி குண்டான தொறந்த மாதிரி ஆவி. ரேடியேட்டர் பிளாஸ்டிக் டாங்க்ல விரிசல் விட்டு தண்ணி எப்பவோ காலி. முள்ளு சிவப்புக்கு போனதுக்கு அப்புறம் நான் ஓட்டின அந்த மூணு கிலோமீட்டர் தான் எனக்கு செலவு வச்சது, ரேடியேட்டர் இல்ல.

கட்டி இழுத்து வீட்டுக்கு கொண்டு வந்தாச்சு, மெக்கானிக் மேல சொன்ன டயலாக்க சொல்லிட்டாரு, நான் மறுநாளே ஒரு பழைய பார்ட்ஸ் கடைல "ஓடுன வண்டில இருந்து கழட்டுனது"ன்னு ஒரு என்ஜின் புடிச்சு வண்டி வாடகை 1,500 குடுத்து எறக்கிட்டேன். எறக்குனதுக்கு அப்புறம் தான் சிலிண்டருக்குள்ள எவ்வளவு அமுக்கம் வருதுன்னு காட்டுற கம்ப்ரஷன் கேஜ் ஒன்னு இரவல் கிடைச்சது. என்னோட செத்த என்ஜின்ல வச்சு பாத்தா ஒன்னாவது சிலிண்டர் 165 பிஎஸ்ஐ, ரெண்டாவது 60, மூணாவது 55. வாங்குன என்ஜின்ல 150, 95, 145. அப்ப எது செத்த என்ஜின்னு நீங்களே சொல்லுங்க.

அந்த நம்பர எப்படி படிக்கறதுன்னு தெரிஞ்சா பாதி முடிவு அங்கயே கெடச்சிரும். அதுக்கு முன்னாடி என்ஜின் சுத்துதான்னு பாக்கணும். செல்ஃப் அடிச்சா "டக்"னு ஒரு சத்தம் மட்டும் வருதுன்னா என்ஜின் ஜாம்னு நினைச்சுக்காதீங்க. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் நல்லா இருக்கான்னு பாத்துட்டு பெல்ட்ட எல்லாம் கழட்டிட்டு, பிளக்க எல்லாம் கழட்டிட்டு, கியர் நியூட்ரல்ல வச்சு க்ராங்க்னு சொல்ற என்ஜினோட முக்கிய தண்டு, அதோட புல்லி போல்ட்ல நீள ராடு போட்டு சுத்துற பக்கமாவே மெதுவா சுத்தி பாருங்க. ஏ.சி. கம்ப்ரஸரோ ஆல்டர்னேட்டர் பேரிங்கோ ஜாம் ஆகி பெல்ட்ட புடிச்சு நிறுத்தியிருக்கும், அதுக்கு என்ஜின் பழி சுமக்கும். மழைத்தண்ணில ஓட்டி நின்ன வண்டின்னா செல்ஃப் அடிக்கவே அடிக்காதீங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி நின்னா பிஸ்டன் அத அமுக்க முடியாம, பிஸ்டனையும் க்ராங்கையும் இணைக்கிற கான்ராடு தான் வளையும். பிளக்க கழட்டி கையால சுத்துனா தண்ணி பீச்சி வெளிய வந்துரும்.

சுத்துதுன்னா அடுத்து கம்ப்ரஷன். பிளக் எல்லாத்தையும் கழட்டிரணும், பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராத மாதிரி பியூஸ புடுங்கிரணும், ஒருத்தர் ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு அஞ்சாறு சுத்து செல்ஃப் அடிக்கணும், பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கணும் இல்லன்னா நம்பர் பொய் சொல்லும். நல்ல பெட்ரோல் என்ஜின் பொதுவா 150க்கு மேல காட்டும், வண்டிக்கு வண்டி மாறும், ஆனா மொத்த நம்பர விட சிலிண்டருக்கு சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம்ங்கறது தான் முக்கியம், 10-15 சதவீதத்துக்குள்ள இருக்கணும். கம்மியா காட்டுற சிலிண்டர்ல பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் ஊத்தி மறுபடி அடிங்க. நம்பர் ஏறுனா பிஸ்டன சுத்தி இருக்கற ரிங்கோ, போர்ங்கற சிலிண்டர் உள்சுவரோ தேஞ்சிருக்கு, ஆயில் அந்த சந்த அடைக்கிறதால ஏறுது. ஏறலன்னா கோளாறு மேல இருக்கு, வால்வோ, இல்ல மேல மூடி மாதிரி இருக்கற ஹெட்டுக்கும் அடில சிலிண்டர் இருக்கற பிளாக்குக்கும் நடுவுல வைக்கற ஹெட் கேஸ்கெட்டோ. பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்து விழுந்திருந்தா பெரும்பாலும் நடுவுல கேஸ்கெட் புட்டுக்கிட்டு ரெண்டுக்கும் வழி விட்டுருச்சுன்னு அர்த்தம். என்னோடதுல ஆயில் ஊத்தியும் 60ம் 55ம் அப்படியே நின்னுச்சு. வாங்குன என்ஜின்ல 95 நேரா 135க்கு போச்சு, ரிங்கு காலி. டீசல் வண்டிக்கு பெட்ரோல் கேஜ மாட்டிராதீங்க, அதுல 350, 400ன்னு போகும், கேஜ் தெறிச்சிரும்.

அடுத்தது ஆயில். ஸ்டிக்க இழுத்தா பால் ஊத்துன டீ மாதிரி இருந்தா கூலண்ட் கலந்திருக்கு. ஆயில வடிச்சு ஒரு வெள்ளைத் துணில ஊத்தி வெயில்ல புடிச்சு பாருங்க, ஃபில்டர ரம்பத்துல அறுத்து உள்ள இருக்கற காகித மடிப்ப விரிச்சு பாருங்க. காந்தத்துல ஒட்டாத மினுமினுப்பு, செம்பு கலர் தூள் தெரிஞ்சா பேரிங் தேஞ்சு க்ராங்க் வரைக்கும் போயிருக்கும். இத பாக்க பத்து பைசா செலவு இல்ல, ஆனா ஒரு ஆளும் பாக்கறது இல்ல.

எனக்கு ஆயில் சுத்தமா இருந்துச்சு, அதனால ஹெட்ட மட்டும் கழட்டுனேன். நல்ல நேரான இரும்பு ஸ்கேல ஹெட் மேல குறுக்க வச்சு அடில மெல்லிசு மெல்லிசா தகடு இருக்கற ஃபீலர் கேஜ் விட்டு பாத்தா 0.12 மி.மீ. தகடு நுழையுது, அலுமினிய ஹெட்டுக்கு பொதுவா 0.05 தான் கணக்கு. லேத்ல குடுத்து விரிசல் இருக்கான்னு பிரஷர் டெஸ்ட் பாத்து, மட்டமா சீவி ஃபேஸிங் பண்ணி, வால்வ நானே பேஸ்ட் போட்டு தேச்சு, கேஸ்கெட் செட், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட், தண்ணி பம்பு, ஆயில் கூலண்ட் எல்லாம் சேத்து 9,000 சொச்சத்துல முடிஞ்சது. வாங்குறதா கட்டுறதான்னு ரெண்டே வழின்னு நினைச்சுக்கிட்டு இருந்தவனுக்கு ஹெட் வேலை மட்டும்னு மூணாவது வழி இருந்தது 18,000 குடுத்ததுக்கு அப்புறம் தான் தெரிஞ்சது.

சரி, எப்ப யோசிக்காம வேற என்ஜினுக்கு போகலாம்? எங்க சித்தப்பா ஸ்விஃப்ட் டீசல், அந்த 1248 சி.சி. என்ஜின், பென்னாகரம் பக்கம் ஒரு தோட்டத்து வழில கல்லுல சம்ப், அதாவது என்ஜின் அடில இருக்கற ஆயில் தொட்டி, அடிச்சு ஆயில் ஒழுகிருச்சு, ஆயில் லைட் எரிஞ்சத கவனிக்காம வந்துட்டாரு. கான்ராடு பிளாக்க பொத்துக்கிட்டு வெளிய எட்டி பாத்துச்சு. பிளாக்ல ஓட்டை, இல்ல நல்ல விரிசல், இல்ல மெயின் பேரிங் அதோட இடத்துலயே சுத்தி பிளாக்க தின்னுருச்சு, க்ராங்க் கிரைண்டிங் சைஸையும் தாண்டி போயிருச்சு, இதுல எது இருந்தாலும் கட்டுறதுங்கற பேச்சே வேண்டாம். இந்த காலத்து டீசல வீட்டுல பிரிக்கறது எனக்கு புடிக்காது, இன்ஜெக்டர் லைன்ல வர்ற பிரஷர் தோல பொத்துக்கிட்டு உள்ள போற பிரஷர், அது வெளையாட்டு இல்ல. டர்போ உடைஞ்சு செத்த வண்டின்னா வேற என்ஜின் போடறதுக்கு முன்னாடி இன்டர்கூலரையும் பைப்பையும் கழுவுங்க, பழைய டர்போ துண்டும் ஆயிலும் அதுக்குள்ள உக்காந்துகிட்டு புது என்ஜினையும் தின்னும்.

பிளாக்கும் க்ராங்கும் நல்லா இருக்கு, தேஞ்சது மட்டும் தான்னா கட்டலாம். ஆனா "நானே கட்டுறேன்"னா என்ன அர்த்தம்னு தெளிவா இருக்கணும். பிரிக்கறதும் கழுவுறதும் அளக்கறதும் மாட்டுறதும் தான் நம்ம வேலை. ரீபோர் (தேஞ்ச சிலிண்டர கொஞ்சம் பெருசா கடையறது), க்ராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங் எல்லாம் லேத்காரர் வேலை, அத வீட்டுல பண்ண முடியாது. அதனால பிரிக்கறதுக்கு முன்னாடியே போய் லேத்ல ரேட்டும் எத்தன நாள் ஆகும்னும் கேட்டுருங்க, நல்ல லேத் பக்கத்துல இல்லன்னா முடிவே மாறும். நம்ம பக்கம் ஓசூர் இருக்கறதால ஒரு வசதி, சிப்காட்ல வேலை பாக்கற ஆளு எல்லா சொந்தத்துலயும் ஒருத்தராவது இருப்பாங்க.

எங்க பெரியப்பா பையன் அங்க குவாலிட்டில இருக்கான். வாங்கி ஏமாந்த என்ஜின நான் மாட்டுக் கொட்டாய்ல பிரிச்சு போட்டிருந்தப்ப ஒரு ஞாயித்துக்கிழமை போர் கேஜும் மைக்ரோமீட்டரும் எடுத்துட்டு வந்தான். வந்த உடனே அளக்கல, பிளாக்கையும் கேஜையும் ஒரே நிழல்ல ஒரு மணி நேரம் வச்சான், "சூடு ஒன்னா வரட்டும்ணா, இல்லன்னா அளவு தப்பா வரும்"ங்கறான். அப்புறம் ஒவ்வொரு சிலிண்டர்லயும் மேல, நடுவுல, கீழன்னு மூணு எடம், அத அப்படியே 90 டிகிரி திருப்பி மறுபடி மூணு, மொத்தம் 18 அளவு, சாக்பீஸால கொட்டாய் செவுத்துலயே எழுதுனான். ஒரிஜினல் போர் 68.5 மி.மீ. ரெண்டாவது சிலிண்டர் மேல்பக்கம் 68.61, கீழ 68.52. விரல் நகத்த உள்ள விட்டு மேல இழுத்தா ரிங்கு நின்ன எடத்துல ஒரு விளிம்பு தட்டுச்சு. "புது ரிங்கு மட்டும் போட்டா ஆறு மாசம்ணா, ரீபோர் தான்"னான். மூணு நம்பர் எழுதி பாத்தப்ப தெரிஞ்ச அந்த விஷயத்த கண்ணால பாத்து யாராலயும் சொல்லியிருக்க முடியாது, ஆனா கடைல எத்தன பேரு கண்ணால பாத்தே "போர் நல்லா இருக்கு, ரிங்கு மாத்துனா போதும்"ங்கறாங்க.

இதுல பணம் மிச்சமாகற ஒரு விஷயம், பிஸ்டன முதல்ல வாங்கிராதீங்க. அளந்து, எந்த சைஸ் தேவைப்படும்னு லேத்காரர் சொன்னதுக்கு அப்புறம் வாங்கணும், 0.25 மி.மீ. பெருசாக்குனா கிளீன் ஆகுமா 0.50 போகணுமான்னு. அதே மாதிரி ரீபோர் பண்றதுக்கு முன்னாடி அந்த புது பிஸ்டன அவர் கைல குடுத்துரணும், அத அளந்து அதுக்கு ஏத்த மாதிரி தான் போர் போடணும். நான் செட்ட அவசரப்பட்டு வாங்கிட்டு போய் மாத்த முடியாம நின்னேன்.

அந்த என்ஜின கட்டி முடிக்க எனக்கு என்ன ஆச்சுன்னா பிஸ்டன் ரிங் செட், பேரிங், லேத் கூலி, கேஸ்கெட், ஆயில் சீலு எல்லாம் சேத்து 16,000 கிட்ட, மூணு மாசத்து ஞாயித்துக்கிழமை. என்னோட கூலிய கணக்குல போட்டா தேறவே தேறாது. மெக்கானிக் குடுக்கற கூலிய மிச்சம் புடிக்கலாம்னு மட்டும் நினைச்சு இறங்குனீங்கன்னா ரெண்டாவது வாரமே வெறுத்துரும், கத்துக்கணும்னு ஆசை இருந்தா இறங்குங்க.

காசு கணக்க இப்படி போடுங்க. வண்டி ஓடுற நிலைமைல இருந்தா என்ன விலைக்கு போகும், இப்படியே செத்த நிலைமைல காயலான் கடைக்கோ பார்ட்ஸ்காரனுக்கோ குடுத்தா என்ன வரும், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தொகைய விட ரிப்பேர் செலவு அதிகம்னா என்ஜின்ல கை வைக்காதீங்க. அதுல வண்டி வயசையும் சேக்கணும், 15 வருஷம் நெருங்குதுன்னா எஃப்.சி. காட்டி ஆர்.சி. ரின்யூவல் பண்ணணும், 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அந்த ஃபீஸே 600ல இருந்து 5,000 ஆயிருச்சு, கிரீன் டாக்ஸ் வேற. மேட்ட தூக்கிட்டு கால் வைக்கற எடத்துல ஸ்க்ரூ டிரைவரால குத்தி பாருங்க, தகரம் பொலபொலன்னு உதிர்ந்தா அந்த வண்டிக்கு எந்த என்ஜின் போட்டும் பிரயோஜனம் இல்ல.

அப்புறம் எடம். ரோட்டோரமா திறந்த வெளில என்ஜின் பிரிக்கவே கூடாது, ஒரு புழுதிக் காத்து அடிச்சா போதும், ரிங்கு மாட்டுன போர்ல மண்ணு. கூரையும் சிமெண்ட் தரையும் இருக்கணும், மூணு மாசம் யாரும் "எப்ப காலி பண்ணுவ"ன்னு கேக்காத எடமா இருக்கணும். நாலு பேருக்கு ஒரே வண்டி, அதுல தான் வேலைக்கு போகணும்னா கட்டுற ஆசைய விட்டுட்டு நல்ல என்ஜினா பாத்து மாட்டிருங்க. தூக்கறதுக்கு கிணத்து மோட்டார் தூக்குறவங்க கிட்ட மூணு கால் ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் இருக்கும், ஒரு நாள் வாடகைக்கு குடுப்பாங்க, வேப்பமரக் கிளைல கயிறு கட்டி தூக்கற வேலை வேண்டாம். வண்டிக்கடில போறதுன்னா ஜாக்கிய மட்டும் நம்பி படுக்காதீங்க, ஸ்டாண்டு வைங்க. எவ்வளவு இறுக்கம்னு அளந்து முடுக்குற டார்க் ரெஞ்ச் வாங்க காசு இல்லன்னா இரவல் வாங்குங்க, அது இல்லாம ஹெட் போல்ட் முடுக்குறதா இருந்தா வேலைய ஆரம்பிக்காதீங்க.

பழைய என்ஜின் வாங்குறதுன்னு முடிவாச்சுன்னா கேஜோட போங்க. சென்னை புதுப்பேட்டையோ பெங்களூரோ எங்க போனாலும் சரி, கியர் பாக்ஸும் செல்ஃப் மோட்டாரும் மாட்டி இருக்கற என்ஜினா கேளுங்க, பேட்டரி குடுத்து அங்கயே சுத்தி கம்ப்ரஷன் பாக்கலாம். "அதெல்லாம் முடியாதுங்க"ன்னு சொன்னா வண்டிய திருப்பிருங்க. ஆயில் மூடிய கழட்டி அடில கரி மாதிரி கட்டி இருக்கா, மைசூர்பாகு கலர்ல நுரை இருக்கான்னு பாருங்க. என்ஜின் நம்பர் தெளிவா இருக்கா, தேச்சு மறுபடி குத்தியிருக்கான்னு பாக்கணும், பில்லும் அந்த பழைய வண்டியோட ஆர்.சி. நகலும் கேட்டு வாங்கணும், திருட்டு வண்டி என்ஜின்னா நாளைக்கு ஸ்டேஷன்ல உக்காந்திருப்பது நீங்க தான். ஒரே மாடல்னாலும் வருஷம் மாறுனா சென்சாரும் வயரிங்கும் மாறும், உங்க பழைய என்ஜின போட்டோ எடுத்துட்டு போய் ஒவ்வொரு சாக்கெட்டா ஒத்து பாருங்க. எறக்குன என்ஜின அப்படியே மாட்டாதீங்க, வெளிய இருக்கும்போதே டைமிங் பெல்ட், தண்ணி பம்பு, முன்னாடி பின்னாடி ஆயில் சீலு, கிளட்ச் பிளேட் மாத்திருங்க, இல்லன்னா மாட்டுனதுக்கு அப்புறம் அதே 200 ரூபா சீலுக்கு மறுபடி கியர் பாக்ஸ எறக்கணும்.

வேற நம்பர் என்ஜின் போட்டா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.ல ஏத்தணும், 1988 மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுல இருக்கு. இன்ஷூரன்ஸ்லயும் மாத்தணும். "யாரு பாக்க போறா"ன்னு விட்டவங்க வண்டி விக்கும்போதும் எஃப்.சி.க்கு போகும்போதும் அலையறத பாத்திருக்கேன். பழைய பிளாக்கையே கட்டுறதுல இந்த தொல்லை கிடையாது, நம்பர் அதே தான், இத நிறைய பேரு கணக்குல எடுத்துக்கறதே இல்ல.

கட்டுறவங்களுக்கு நான் தப்பு பண்ணி கத்துக்கிட்டது கொஞ்சம். கான்ராடு மூடியும் மெயின் பேரிங் மூடியும் எந்த எடத்துல எந்த பக்கமா இருந்துச்சோ அங்கயே தான் போகணும், கழட்டறதுக்கு முன்னாடி புள்ளி குத்தி அடையாளம் வைங்க. போல்ட்ட எல்லாம் ஒரே டப்பால போடாதீங்க, பத்திரிகை அட்டை ஒன்னுல அந்த கவர் படத்த வரைஞ்சு ஓட்டை போட்டு போல்ட்ட அதுல குத்தி வைங்க, எங்க வீட்டுல கல்யாண பத்திரிகைக்கா பஞ்சம். ரிங்க பிஸ்டன்ல மாட்டுறதுக்கு முன்னாடி போர்ல விட்டு பிஸ்டனால நேரா தள்ளி, வாய் எடைவெளிய ஃபீலர் கேஜால பாக்கணும், இந்த சைஸ் போருக்கு கால் மில்லிமீட்டர் கிட்ட வரும். ஹெட் போல்ட் ஓட்டைக்குள்ள ஆயிலோ தண்ணியோ நிக்காம துடைச்சிருங்க, அதோட முடுக்குனா பிளாக்கே விரிசல் விடும். போல்ட்ட நடுவுல இருந்து வெளிய, ரெண்டு மூணு தவணைல முடுக்கணும். நீட்டி முடுக்குற வகை போல்ட்டுன்னா பழச மறுபடி போடாதீங்க.

முதல் தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பிளக் இல்லாம செல்ஃப் அடிச்சு ஆயில் லைட் அணையற வரைக்கும் சுத்துங்க. ஸ்டார்ட் ஆனதும் புகை வரும், அசெம்பிள் பண்ணப்ப தடவுன ஆயில் எரியுது, பயப்படாதீங்க, பத்து நிமிஷத்துல நிக்கணும். ஃபேன் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாருங்க. 500 கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தி அந்த ஃபில்டரையும் அறுத்து பாருங்க, 1,000 கிலோமீட்டர் வரைக்கும் தொப்பூர் மாதிரி ஏத்தத்துல ஆள் ஏத்திக்கிட்டு இழுக்க வேண்டாம்.

நான் கட்டுன அந்த ரெண்டாவது என்ஜின காரிமங்கலத்துல தூரத்து சொந்தம் ஒரு மாமா, அவரு ஆல்டோவுக்கு வேணும்னு எடுத்துக்கிட்டாரு. 30,000 குடுத்தாரு, அதாவது எனக்கு அஞ்சாயிரத்து சொச்சம் நட்டம், மூணு மாச கூலி தனி. மாட்டுன அன்னைக்கு ஒன்னே ஒன்னு தான் நான் அவர்கிட்ட கேட்டேன், பழைய ரேடியேட்டர மாத்தியாச்சான்னு. மாத்தலன்னாரு, பஸ் ஏறி போயி நானே வாங்கியாந்து மாட்டிட்டு தான் சாவிய குடுத்தேன்.